துணைக்கால்

"பையனுக்குங்களா, பொண்ணுக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத்தான் என்று சொல்லத்தான் பூங்கோதை வாயைத் திறந்தாள்; வெளியே வந்தது "பொண்ணுக்கு". சொன்ன பிறகுதான் அதைத் தன் காதால் கேட்டாள். கல்யாணத்தை டவுன் பஸ் மாதிரி அடுத்தது வரும், அடுத்தது வரும் என்று விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தவளுக்கு, ஐம்பத்தாறு வயதில், காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டு லேப்டாப் கடை ஒன்றில், பகல் பதினொன்றரை மணிக்கு, வலியும் இல்லாமல் மருத்துவச்சியும் இல்லாமல் ஒரு பெண் பிறந்துவிட்டாள். திருத்திவிடலாம். திருத்துவதுதானே அவள் பிழைப்பு. இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் ஒற்றைச் சேர்த்து, ஒற்றை எடுத்து, ணகரத்தை னகரமாக்கிச் சாப்பிட்டு வருகிறவள். ஆனால் அச்சில் ஏறுவதற்கு முன்னால் திருத்துவது வேறு, ஏறிய பிறகு திருத்துவது வேறு. கனகராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்த நாற்பத்தைந்து வயதுக்காரர் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தார். "நல்லதுங்க மேடம். என்ன படிக்குதுங்க?" "எடிட்டிங்." இது முழுப் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். முழுப் பொய்தான், ஆனால் உண்மைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற பொய். "அப்ப ஸ்கிரீன்தாங்க முக்கியம். மத்ததெல்லாம் அப்புறம்" என்று அவர் நடந்தார். இவளும் நடந்தாள். ஸ்கிரீன்தான் முக்கியம் என்று இன்னொரு மனித வாயால் கேட்டதில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏனென்றால் அவள் லேப்டாப் வாங்க வரவில்லை. வாங்கத்தான் வந்தாள், ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்தாள். மூன்று மாதமாகக் குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒன்று வீட்டிலிருக்கிற எட்டு வருஷப் பழைய திரை, இன்னொன்று அவள் கண். திரையைத் தூக்கில் போட்டுவிட்டுக் கண்ணை விடுவித்துக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

இரண்டு மெஷின் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. "இது ஃபுல் எச்டிங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது. இது டூ பாயின்ட் எய்ட் கே." ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்றதும் அவளுக்கு வருஷம்தான் ஞாபகம் வந்தது, அந்த வருஷம் அப்பாகூடப் பிறந்திருக்கவில்லை. "எல்லாம் புள்ளிங்க மேடம். உங்களுக்குக் கோலம்னு சொன்னாப் புரியும். அஞ்சு புள்ளிக் கோலத்துல மயிலு போட்டா மயிலு மாதிரி இருக்கும். இருபத்தியொரு புள்ளில போட்டா எறகு எறகாத் தெரியும். அவ்வளவுதானுங்க ரெசல்யூசன்." அவர் நன்றாகத்தான் சொன்னார். புள்ளி விஷயத்தில் பூங்கோதைக்குப் பாடம் எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பார்த்தே அவள் கறுப்பு முடி நரைத்தது. இரண்டு திரையிலும் கிளி ஒன்று பறந்தது. பச்சை, சிவப்பு, ஒரு பழம் இரண்டாக வெட்டுப்பட்டு மெதுவாகச் சாறு தெறித்தது. கிளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிளிக்கு எழுத்துப்பிழை உண்டா? "வித்தியாசம் தெரியுதுங்களா?" என்றார் கனகராஜ். "தெரியலை" என்றாள். உடனே அவர் பேட்டரியைப் பற்றியும், பார்க்கிற கோணத்தைப் பற்றியும், ஒரு மெஷினை ஏன் எடுக்கலாம், இன்னொன்றை ஏன் எடுக்கலாம் என்றும் விளக்க ஆரம்பித்தார். நம் பாஷை இப்படித்தான் அவளைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது. தெரியலை என்றால் புரியவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், முடிவுக்கு வர முடியவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கண்ணில் படவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கிறவன் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வான். மூன்று மாதமாக அவள் எல்லோரிடமும் தெரியலை என்றுதான் சொல்கிறாள், எல்லோரும் முதல் இரண்டில் ஒன்றையே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் என்றால் யார்? மளிகைக்கடைக்காரர், கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் நம்பர் படிக்கச் சொன்னவர், அச்சகத்து முதலாளி. மூன்று பேர்.

அச்சகத்து முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லைங்க்கா, மனுசங்கதானே" என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரமாக ஒரு ஃபைல்கூட வரவில்லை. சங்கதி ஒன்றும் பெரிதில்லை, ஒரு கீற்று. ரகரம் இருக்கிறதே, அதற்கும் துணைக்காலுக்கும் உடம்பு ஒன்றுதான். கீழே காலடியில் சாய்ந்தாற்போல ஒரு கீற்று இருந்தால் ரகரம், இல்லாவிட்டால் துணைக்கால். தட்டச்சு செய்த யாரோ ஒரு புண்ணியவதி அந்த இடத்தில் கை மாறி அடித்துவிட்டாள். அன்னூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில், கும்பாபிஷேக மலர், அதில் முப்பத்திரண்டு வரிப் போற்றிப் பாட்டு, வரிக்கு வரி சரணம். முப்பத்தோரு சரணம் சரியாக இருந்தது. பத்தொன்பதாவது வரியில், ஆயிரம் கண் படைத்தவளே, நின் பாதமே சாணம். பூங்கோதை அந்த வரியைப் படித்தாள். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டாள், மூன்று தடவை படித்தாள், மூன்று தடவையும் சரணம் என்றுதான் படித்தாள். யாகசாலைக்குப் பக்கத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து பாடிய அம்மாளோ, அச்சில் வந்தது பொய்யாகாது என்ற நம்பிக்கையில், தாளத்தோடு, நின் பாதமே சாணம் என்று ஊருக்கே கேட்கப் பாடிவிட்டார். பின்பாட்டுக்காரர்களும் விடவில்லை. ஐந்நூறு புத்தகத்திலும் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கீற்று இழுத்துச் சரிசெய்தார்களாம். கமிட்டிக்காரர் வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து இழுத்தார்களாம். அந்த வட்டம்தான் இரவு பகலாக அவள் கண்ணுக்குள் இருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் இழுத்திருப்பார்கள், யார் இந்தக் குருடி என்று ஒருத்தியாவது கேட்டிருப்பாள். கேட்காமலும் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதுதான் பயம். அந்தக் கீற்று இல்லாதது பழைய திரையில் தெரியவில்லை, சரி. திரை சரியாகக் காட்டியும் அவளுக்குத் தெரியவில்லையா? அல்லது இல்லாத கீற்றை மனசு இட்டு நிரப்பிக்கொண்டதா? பதினெட்டுச் சரணம் கேட்ட மனசு பத்தொன்பதாவதையும் தானே சொல்லிவிட்டதா? மனசு என்றால் மன்னிக்கலாம், மனசுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் போதும். திரை என்றால் மாற்றலாம். கண் என்றால்?

தியாகு சார் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வழிகாட்டி நூல்கள் போடுகிற பதிப்பகத்தில் பதினேழு வருஷம் இரண்டு பேரும் ஒரே மேஜை. ஒப்புநோக்குவது என்று அந்த வேலைக்குப் பெயர். ஒருவர் மூலப்படியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அவர் வாசிப்பார், இவள் விரல் வைப்பாள். குறியெல்லாம் விடாமல் வாசிப்பார். "தவளையின் இதயம் காற்புள்ளி மூன்று அறைகளைக் கொண்டது முற்றுப்புள்ளி". தவளையின் இதயத்தை ஒரு மனிதர் அவ்வளவு மரியாதையாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. பதினேழு வருஷம் தினமும் ஆறு மணி நேரம் ஒரு ஆணின் குரல் அவள் காதுக்காக மட்டும் ஒலித்தது. எத்தனை மனைவிகளுக்கு அது கிடைத்திருக்கும்? அவருக்கு அவளைப் பிடித்திருந்ததா, தெரியாது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. சொல்லவில்லை. ஆறு மணி நேரம் ஒருவர் பேசிக்கொண்டேயிருந்தால் அடுத்தவர் எப்போது சொல்வது? பிறகு பதிப்பகம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி, வேலையை மின்னஞ்சலில் அனுப்ப ஆரம்பித்தது. தியாகு சார் கும்பகோணத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய சகாக்களின் வாட்ஸப் குழுவில், அவர் படம் போட்ட ஒரு அஞ்சலி நோட்டீஸ் வந்தது. இயற்க்கை எய்தினார் என்று இருந்தது. றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராதே, ககரத்துக்கு முன்னால் யார் இதை வைத்தது என்றுதான் முதலில் தோன்றியது. பெருவிரலால் அந்தப் புள்ளியைத் தேய்த்துக்கூடப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் யார் எய்தியது என்று படித்தாள். அந்த இரண்டு விநாடிக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை. சாணம் என்று அவர் வாசித்திருந்தால் காது துள்ளி எழுந்திருக்கும், காதுக்கு வயசாவதில்லை. இப்போது அவள் வீட்டில் யாரும் எதையும் வாசிப்பதில்லை. அவளே சத்தமாக வாசித்துப் பார்த்தாள் சில நாள். தன் குரல் ரத்தினபுரி மாடி அறையின் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததில் பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

"இது மேட் ஃபினிசுங்க, இது கிளாசி" என்று வேறு இரண்டு மெஷினைக் காட்டிக்கொண்டிருந்த கனகராஜின் குரல் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்? அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், நல்லவேளை. "மேட்னா வெளிச்சம் அடிக்காதுங்க, ஜன்னலுக்குப் பக்கத்துல வெச்சாலும் கண்ணு கூசாது. ஆனா எழுத்து ஒரு பொடி மங்கலாத்தானிருக்கும். மேல ஒரு பூச்சு இருக்குதுங்கள்ல." மங்கலாத்தானிருக்கும். அந்த வார்த்தையை அவள் தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். அப்படியானால் மேட் திரையில் கீற்று தெரியாவிட்டால் அது பூச்சின் குற்றம். கடைக்காரரே சொல்லிவிட்டார், சாட்சியும் ஆயிற்று. கிளாசியில் கடையின் டியூப்லைட் ஏழும் வரிசையாக விழுந்திருந்தன, அதற்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை, காதோரம் நரைத்தவள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு எதையோ தேடுகிறாள். அது தான்தான் என்று தெரிந்ததும் வாயை மூடினாள். கிளாசியில் தெரியாவிட்டால் அது டியூப்லைட்டின் குற்றம். ஃபுல் எச்டியில் தெரியாவிட்டால் புள்ளி போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாகக் கண் தப்பித்து ஓடிவிடலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பூங்கோதைக்குக் கூடமே கோணலாகத்தான் தெரிகிறது, அதுதான் சங்கடம். குளியலறை டைல்ஸ் கோடு நடுவில் கொஞ்சம் வளைந்திருந்ததைப் போன மாதம் பார்த்து, கட்டிய கொத்தனாரை வாய்க்கு வந்தபடி வைதாள். பதினொரு வருஷமாக நேராக இருந்த கோட்டைக் கொத்தனார் எப்போது வந்து வளைத்துவிட்டுப் போனார் என்று வைது முடித்த பிறகு யோசித்தாள். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள், டம்ளர் சின்னது என்றாள். இது வெள்ளெழுத்து இல்லை. வெள்ளெழுத்து நாற்பத்திரண்டிலேயே வந்து கண்ணாடி போட்டுச் சமாதானமாகப் போய்விட்டது. இது வேறு.

கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யாமல் இல்லை. செய்தாள், இரண்டு மாதத்துக்கு முன்னால், சாணத்துக்கும் முன்னால். பேசிய பெண் பெயர் கேட்டது, வயது கேட்டது, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். "கண்ணுக்கு மருந்து விடுவாங்கம்மா, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒண்ணுமே தெளிவாத் தெரியாது. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துருங்க" என்றது அந்தப் பெண். சரி என்று சொல்லிப் போனை வைத்தவள், தேதி வாங்கவில்லை என்பதை வைத்த பிறகு கவனித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து துணைக்கு ஒருத்தரைத் தேட ஆரம்பித்தாள். கீழ்வீட்டு அம்மாளுக்கு மூட்டுவலி. அண்ணன் மகன் சென்னையில், அவனிடம் சொன்னால் அண்ணிக்குப் போகும், அண்ணியிடமிருந்து, தனியாக இருந்தால் இப்படித்தான் என்று திரும்பி வரும். பழைய சகாக்களில் கோயம்புத்தூரில் இருப்பவர்கள் இரண்டு பேர்; ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பி மூன்று வருஷமாகிறது, கண்ணுக்கு மருந்து விடுகிறார்கள் வாருங்கள் என்று எப்படி ஆரம்பிப்பது? போனில் இருந்த நூற்று நாற்பது பெயரையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இழுத்துப் பார்த்தாள். நான்கு மணி நேரம். ஒரு மனுஷியின் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க ஒரு ஆள். கேட்டால் யாராவது வருவார்கள், ஊர் அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை. கேட்பதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டு, பார்க்கிறேன் என்று ஒருவர் இழுத்துவிட்டால், அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டு திரும்ப மாடிப்படி ஏற அவளால் ஆகாது. அதைவிடக் கண் மங்குவது மேல் என்று ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததற்கு அன்றைக்கே அழுதாள்.

"நீங்க முடிவு பண்ண முடியலைன்னா பொண்ணை ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்களேன்" என்றார் கனகராஜ். "காலேஜ்ல இருக்கு" என்றாள் அவள், அவ்வளவு சுருக்காக, உண்மையான தாய்மார்கள் சொல்வது போலவே. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் நிறைமதி என்று பெயர்கூட வந்துவிட்டிருந்தது. கொஞ்சம் முன்கோபக்காரி. சாப்பிடும்போது போனைப் பார்ப்பாள், திட்டினால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் ஒரு வார்த்தை பேசாமல் வந்து பக்கத்தில் உட்காருவாள், கம்மலைத் திருகிக்கொண்டு. பூங்கோதை கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். "எனக்குக் கிளி வேண்டாங்க. இதுல ஒரு ஃபைல் இருக்கு, அதைப் போடுங்க." போட்டார். பன்னிரண்டு பாயின்ட் எழுத்தில் இருபது வார்த்தை. சரணமும் சாணமுமாகக் கலந்து அவளே நேற்று அடித்தது. கனகராஜ் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னங்க மேடம், சாணம்னு போட்டிருக்குது?" "பொண்ணோட ப்ராஜெக்ட்." "இப்பெல்லாம் எதெதுலயோ ப்ராஜெக்ட் குடுக்கறாங்க" என்று அவர் ஒத்துக்கொண்டார். பூங்கோதை படித்தாள். மேட்டில் இருபதும் சரி. கிளாசியில் இருபதும் சரி. ஃபுல் எச்டியிலும் சரி. மனசு ஒரு துள்ளு துள்ளியது, துள்ளிய கையோடு உட்கார்ந்தது. அடித்தவளே அவள். எத்தனையாவது எது என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கேள்வித்தாளும் அவளே எடுத்து, பரீட்சையும் அவளே எழுதி, மார்க்கும் அவளே போட்டுக்கொண்டால் பாஸாகாமல் என்ன செய்யும்? தான் எழுதியதைத் தானே பிழைதிருத்தக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் விதி, புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தது. இப்படியே போய்விடலாம். அந்த மேட்டையே கட்டித் தரச் சொல்லி, மங்கலாத்தானிருக்கும் என்ற வாக்கியத்தையும் அதோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். இன்னும் ஆறு மாதம், ஒரு வருஷம் அதை வைத்து ஓட்டலாம். கால்கூடக் கிளம்பிவிட்டது.

"கொஞ்சம் இதைக் கலைச்சுப் போடறீங்களா?" என்று கேட்டாள். "நான் பார்க்காம. உங்க இஷ்டத்துக்கு. அப்புறம் அந்த உசத்தி ஸ்கிரீன்ல போடுங்க, லைட்டு விழாத எடமாப் பார்த்து." கனகராஜ் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் வாடிக்கையாளரின் கிறுக்கு எதுவும் அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. மெஷினைத் தூக்கிக்கொண்டு தூண் மறைவுக்குப் போனார். அங்கே டியூப்லைட் எட்டவில்லை. தன் பக்கம் திருப்பிவைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெட்டி ஒட்டினார். திருப்பினார். "இப்பப் பாருங்க." இருபத்தியொரு புள்ளிக் கோலம். பூச்சு இல்லை, வெளிச்சம் இல்லை, இறகு இறகாகத் தெரிய வேண்டிய இடம். இனி ஓட்டை எதுவும் இல்லை. பூங்கோதை விரலை வைத்தாள், பழைய பழக்கம், சத்தமாகவே படித்தாள். "சரணம். சரணம். சாணம். சரணம்." "ரெண்டாவது சாணமுங்க" என்றார் கனகராஜ். "சரணம். சரணம். சரணம்." "இல்லைங்க மேடம், அது..." அவள் நிறுத்தினாள். அவர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை, முன்பு கேட்டதையேதான் கேட்டார். "தெரியுதுங்களா?" "தெரியலை." "பெருசு பண்ணிக்கலாமுங்க, அது ஒண்ணும் பிரச்சினையில்ல. பொண்ணுக்குச் சின்ன வயசுக் கண்ணுதானே, அதுக்கெல்லாம் பளிச்சுனு..." "இல்லைங்க" என்றாள் பூங்கோதை. குரல் அவளை மீறிக் கொஞ்சம் பெரிதாக வந்தது. "எதை வாங்கறதுன்னு தெரியலைன்னு சொல்லலை. எனக்குக் கண்ணு தெரியலைங்க." கேஷ் கவுன்டரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தது.  கனகராஜ், பல்வலி என்று சொன்னவரிடம் எந்தப் பல் என்று கேட்பது போல, அவ்வளவு சாதாரணமாக, "எந்தக் கண்ணுங்க?" என்றார். அவளுக்கு அதுகூடத் தெரியாது. இத்தனை நாளில் ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பொத்தவில்லை. முகம் கழுவும்போதுகூட இரண்டையும் சேர்த்தே மூடினாள்.

இடக்கண்ணைப் பொத்தினாள். வார்த்தையின் நடுவில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு சாம்பல். முதல் எழுத்து இருந்தது, கடைசி எழுத்து இருந்தது, எதைப் பார்க்கிறாளோ அது மட்டும் இல்லை. கையை மாற்றி வலக்கண்ணைப் பொத்தினாள். இருபது வார்த்தையும் வந்து நின்றன. கீற்று இருக்கிற இடத்தில் கீற்று, இல்லாத இடத்தில் இல்லை. இத்தனை நாளும் வலக்கண்தான் முந்திக்கொண்டு இதன்மேல் அந்தச் சாம்பலைப் பூசியிருக்கிறது. "ரெண்டாவது சாணம்" என்றாள். "ஏழாவது சாணம். அஞ்சாவது, ஆறாவது சரணம்." "கரெக்டுங்க" என்றார் கனகராஜ், மார்க் போடுகிறவர் மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்று இருக்கிறது என்ற நிம்மதிக்குள்ளேயே ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்ற பயமும் உட்கார்ந்திருந்தது. இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று விளங்கவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. லேப்டாப்பு எங்கயும் ஓடிப்போயிராது. மொதல்ல பொண்ணைக் கூட்டிட்டு இன்னைக்கே டாக்டரைப் பார்த்துருங்க மேடம், இதெல்லாம் தள்ளிப்போடக் கூடாது." "பொண்ணு இல்லைங்க." "வெளியூருல படிக்குதுங்களா?" "இல்லவே இல்லைங்க. சும்மா சொன்னேன்." சொன்னதும் நிறைமதி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள், திரும்பிப் பார்க்காமல். ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை அவள், அதற்கே நெஞ்சு இப்படி வலிக்கிறது. கனகராஜ் சிரிக்கவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தார், அதற்குள் வாசலில் ஒரு குடும்பம் நுழைந்தது, ஐந்து பேர், "இருங்க வந்தர்றேன்" என்று போனார். பையனுக்குங்களா, பொண்ணுக்குங்களா என்று அங்கே கேட்பது காதில் விழுந்தது.

தூண் மறைவில், ஸ்டூலில், அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணைத் தேடினாள். அதே பெண்தான் எடுத்தது, அல்லது அதே மாதிரிப் பேசுகிற வேறொரு பெண். பெயர், வயது, சர்க்கரை இல்லை. "வலக்கண்ணு. நடுவுல தெரியலை. நேர் கோடு வளைஞ்சு தெரியுது" என்று பூங்கோதை பிசிறில்லாமல் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரல் உடனே வேகமாயிற்று. "எத்தனை நாளாம்மா?" "மூணு மாசமா." "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? நாளைக்கே வாங்க. மருந்து விடுவாங்க, துணைக்கு..." "துணைக்கு யாரும் இல்லை" என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், இரண்டையும். "நான் மட்டும்தான் வருவேன். அப்படி வந்தா பார்ப்பீங்களா?" மறுபக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அட, அதுக்கென்னம்மா, வாங்க. மருந்து தெளியற வரைக்கும் இங்கேயே இருந்துட்டுப் போங்க. தனியா வர்றவங்களுக்குன்னு ஒரு பெஞ்சு போட்டிருக்கோம். ஆனா வெள்ளனவே வந்துருங்க, ஒம்பது மணிக்கு மேல வந்தா அந்தப் பெஞ்சுல எடம் கெடைக்காது." எட்டு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றாள் பூங்கோதை.